பூஜைக்கு வைத்த புத்தகம்

என் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும், இளையவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு யார் மேலும் அவ்வளவு சுலபத்தில் நம்பிக்கை வராது. மருந்துக் கடையில் மாத்திரைப் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேதி பார்ப்பேன். பால்காரர் சிரித்துப் பேசினால் அன்றைக்குப் பாலைக் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சுவேன். இது வியாதி இல்லை, வளர்ப்பு. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்துச் சந்தேகத்தையும் பிசைந்து ஊட்டினார்கள். மிளகும் சுக்கும் வாங்கி விற்கிற குடும்பம். மூட்டையின் வாயில் நல்ல சரக்கு, அடியில் கல் என்று பார்த்துப் பழகிய கண்கள் வீட்டுக்குள் வந்ததும் மூடிக்கொள்ளுமா?

அப்படிப்பட்ட வீட்டுக்கு, எழுபதுகளில் ஒரு மழைக்காலத்தில், என் சித்தி மருமகளாக வந்தாள். அந்த மழை தொடங்கி நவராத்திரி முடிகிற வரைக்கும் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். நான் சின்னப் பெண். ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு யூதர்கள் குடியிருந்த ஜூ டவுன் பண்டகசாலைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கீழே பெரியப்பாவும் பெரியம்மாவும். மாடியில் நாங்கள். பின்கட்டில் சித்தப்பா. வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா. அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருந்த ஒரே குழந்தை நான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் தம்பி மனைவியோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. அவளும் பேசக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்திக்கொண்டு பிள்ளையிடம் சொல்லுவார்கள். என் அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் பல வருஷம் நின்று எனக்குப் பழக்கம். அம்மா பேசுவது குறைவு என்பதால் வேலை லேசாக இருந்தது. சித்தி வந்த பிறகுதான் வாய் வலித்தது.

மாடிக் கூடத்தில் ஒரு தேக்கு அலமாரி. பித்தளைக் கைப்பிடி, கண்ணாடிக் கதவு. கண்ணாடியின் உட்பக்கம் மழைக்காலத்தில் வியர்க்கும். எங்கள் முன்னோர் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டு தமிழ்ப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்தபோது கொண்டுவந்த புத்தகங்கள் அதற்குள் இருந்தன. ஒருவரும் படித்ததில்லை. நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். பெரியப்பாவுக்குத் தமிழ் வாசிக்க வரும், ஆனால் அந்தப் பழைய அச்சில் சொல்லுக்குச் சொல் இடமே விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அவருக்குப் பொறுமை இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, நவராத்திரியில், அவற்றைக் கீழே இறக்கிச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துப் பட்டுத் துணியில் சுற்றி சரஸ்வதிக்கு முன்னால் அடுக்குவோம். பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி காலைவரை தொடக் கூடாது. எழுதவும் கூடாது, வாசிக்கவும் கூடாது. எங்களுக்கு அதில் கஷ்டமே இல்லை. மற்ற நாட்களிலும் நாங்கள் வாசிக்கவில்லையே.

அவற்றில் ஒன்றுக்குப் ‘பெரிய புத்தகம்’ என்று பெயர். அகலமானது, கனமானது. முதல் சில தாள்கள் என்றைக்கோ போய்விட்டதால் உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. ஏதோ புராணம் என்று நம்பினோம். அது வீட்டில் இருக்கிறவரை பண்டகசாலைக் கதவு சாத்தாது என்று பெரியப்பா சொல்லுவார். வருஷா வருஷம் வைத்த சந்தனம் அதன் அட்டைமேல் பொருக்குப் பொருக்காக ஏறியிருந்தது. நான் ரகசியமாக நகத்தால் சுரண்டி மோந்து பார்த்திருக்கிறேன். சந்தன வாசனை வராது, எலி வாசனைதான் வரும்.

சித்தி தஞ்சாவூர்ப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு நூலகத்தில், பழைய புத்தகங்களைப் பழுது பார்க்கிற பிரிவில் வேலை பார்த்தவள். இது பெண் பார்க்கப் போனபோது எங்களுக்குச் சொல்லப்படவில்லை. “லைப்ரரியில் வேலை” என்று மட்டும் சொன்னார்களாம். மறைத்துவிட்டார்கள் என்று பெரியம்மா நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தியின் சீர்வரிசைப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே ஒரு சுருள் மெல்லிய தாளும், விதவிதமான தூரிகைகளும், எலும்பில் செய்த ஒரு தட்டையான கத்தியும் இருந்தன. பெரியம்மா அன்றே கண்ணை இடுக்கிக்கொண்டாள்.

வந்து சில வாரத்தில் சித்தி அலமாரிச் சாவி கேட்டாள். அதாவது என்னைக் கேட்கச் சொன்னாள். பெரியப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சித்தி கதவுக்குப் பின்னால் நின்றாள். இருவருக்கும் நடுவில் கைக்கெட்டும் தூரம்தான்.

“அவகிட்டெ கேளு, அலமாரிச் சாவி எதுக்காக்கும்னு” என்றார் பெரியப்பா.

“சித்தி, அலமாரிச் சாவி எதுக்காக்கும்?”

“புத்தகமெல்லாம் பூச்சி அரிக்குதுன்னு சொல்லு, கண்ணு. ராமபாணப் பூச்சி. கண்ணாடி வழியாவே பொடி உதிர்ந்து கிடக்கிறது தெரியுது. கதவைத் திறந்தா பூஞ்சக்காளான் வாசம்தான் வரும். இன்னும் ரெண்டு மழை தாங்காது.”

பெரியப்பாவுக்கு முழுசும் காதில் விழுந்தது. இருந்தாலும் என் வாயிலிருந்து வருகிறவரை முகத்தை மாற்றாமல் காத்திருந்தார். நான் சொன்னேன். அவர் யோசித்தார். அவருக்குப் பூச்சி என்றால் பயம், சரக்கில் பூச்சி விழுந்து நஷ்டப்பட்டவர்.

“செய்யட்டும். ஆனா ஒரு நேரத்துக்கு ஒரு புஸ்தகம் மட்டும். நீ கூடவே இருக்கணும். கண்ணை எடுக்காதே. பின்னெ இதையும் சொல்லிடு. புஸ்தகத்துக்கு எந்தெங்கிலும் ஆச்சுன்னா அவளும் அவனும் வேறெ வீடு பாத்துக்கட்டும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

இப்படித்தான் நான் வேவு பார்க்கிற உத்தியோகத்துக்கு வந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாயாவும் பழம்பொரியும் முடித்துவிட்டு மாடியில் உட்கார்ந்துவிடுவேன். சித்தி மூக்கில் துணி கட்டிக்கொண்டு தாள் தாளாகத் தூரிகையால் தூசி தட்டுவாள். சித்தப்பா வேலை பார்த்த புல்தைலப் பண்டகசாலையிலிருந்து ஒரு குப்பி வந்தது. அலமாரிச் சட்டங்களை அந்தத் தைலத்தால் துடைத்தாள். மாடி முழுக்க எலுமிச்சைப் புல்லின் வாசனை காரமாக நின்றது. ஜூ டவுனில் அந்த வாசனை எந்நேரமும் காற்றில் இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்ததும் அது ஒரு குற்றத்தின் வாசனை ஆகிவிட்டது. “எதை மறைக்க இத்தறெ வாசனை?” என்றாள் பெரியம்மா.

பெரியம்மாவைச் சும்மா சொல்லக் கூடாது, அவளுடைய சந்தேகங்களுக்குக் காரணம் இருந்தது. சித்தி மைதா வாங்கிக்கொண்டே இருந்தாள், வீட்டில் பூரியைக் காணோம். பெரியம்மா டப்பாவைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். பிறகு ஒருநாள் சித்தியின் அறையில் சின்னக் குப்பியில் நீலக் கற்களைக் கண்டுபிடித்தாள். மயில்துத்தம். விஷம். அன்று முதல், சித்தி முதலில் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெரியம்மா இலையில் கை வைப்பாள். சித்தியோ அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு, “எனக்கு முதல்ல போடாதீங்கக்கா, கூச்சமா இருக்கு” என்று மறுப்பாள். மறுக்க மறுக்கப் பெரியம்மாவுக்கு விஷம் உறுதியாகிக்கொண்டே போனது.

மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பூச்சி வராமலிருக்க அதில் துத்தத்தைத் துளியூண்டு கலப்பாள் சித்தி. நான் பார்த்தேன், அப்படியே கீழே போய்ச் சொன்னேன். “பசையில விஷம் கலக்கறா” என்று வீட்டுக்குள் பரவியது. நான் சொன்னது பொய் இல்லை. இப்போது நான் வருந்துவேன் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பார்த்ததைச் சொன்னேன், கேட்டவர்கள் தங்களுக்கு வேண்டிய மாதிரி கேட்டுக்கொண்டார்கள்.

சின்னப் புத்தகங்கள் ஒவ்வொன்றாகச் சரியாகி அலமாரிக்குத் திரும்பின. கடைசியில் பெரிய புத்தகத்தை எடுத்தாள். ஓரமெல்லாம் அரித்து, தொட்டால் உதிர்ந்தது. அவள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? தையல் நூலை அறுத்தாள். புத்தகம் தனித்தனித் தாளாக அவள் மடியில் விழுந்தது. கீழே ஓடிப்போய்ச் சொன்னேன். பெரியப்பா மாடிப்படியில் பாதிவரை வந்து நின்று, என்னை மேலே அனுப்பினார்.

“சித்தி, புஸ்தகத்தை எதுக்குப் பிய்க்கறேன்னு பெரியப்பா கேக்கறார்.”

“பிரிச்சாத்தான் ஒவ்வொரு தாளுக்கும் ரெண்டு பக்கமும் மெல்லிசுத் தாள் ஒட்டிப் பலப்படுத்த முடியும்னு சொல்லு. அப்புறம் சேர்த்துத் தைச்சுடுவேன். இன்னொண்ணும் சொல்லு.” அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. “இது புராணம் இல்லை. மாட்டு வைத்தியம். எருதுக்கு வயிறு ஊதினா என்ன கொடுக்கணும், குளம்பு பிளந்தா என்ன கட்டணும், எல்லாம் இருக்கு. வண்டிக்காரங்க வச்சிருந்த புத்தகம். இது மாதிரி நான் வேற பார்த்ததே இல்லை. ரொம்ப அபூர்வம்.”

நான் படியில் இறங்கி, “மாட்டு வைத்தியமாம்” என்றேன். மீதியைச் சொல்லுமுன் பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது. எத்தனை தலைமுறையாகப் பாயசம் வைத்துக் கும்பிட்ட புத்தகம்! எருதின் கழிச்சலுக்கா நைவேத்தியம்?

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் விசாரணை நடந்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

“மதிப்பில்லாத புஸ்தகம்னு சொல்றா. பின்னெ எதுக்கு அதுக்காக இத்தறெ பாடுபடறா?” என்றார் பெரியப்பா.

“மதிப்பில்லேன்னு அவ சொல்லலியே அண்ணா. அபூர்வம்னுதான்…”

“மாட்டு வைத்தியம்னு நம்மகிட்டெ. அபூர்வம்னு வேறெ யார்கிட்டெயோ.” இதைச் சொன்னது பெரியம்மா. எனக்கு இன்றைக்கும் அந்த வாக்கியத்தின் மேல் ஒரு மரியாதை உண்டு. சந்தேகத்தை அவ்வளவு கச்சிதமாக யாரும் வெட்டிக் கொடுத்து நான் கேட்டதில்லை.

அந்த வேறு யாரோ கிடைக்கவும் அதிக நாள் ஆகவில்லை. ஒட்டிக் காய்ந்த தாள்கள் சுருண்டுகொள்ளும், கனமாக எதையாவது வைத்து அமுக்க வேண்டும். ஜூ டவுனில் பழைய சாமான் விற்கிற கடை ஒன்றில் ஓர் இரும்பு அமுக்கி இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகளில் கடிதங்களுக்கு நகல் எடுக்க வைத்திருந்ததாம். மேலே சக்கரம் போல ஒரு கைப்பிடி, திருகினால் இரண்டு இரும்புப் பலகைகள் நெருங்கும். சித்தி காய்ந்த தாள்களைத் துணியில் சுற்றிக் குடைக்கடியில் பிடித்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போவாள். கடைக்காரர் அமுக்கியைத் திறந்து கொடுப்பார். சில நாள் அதிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்து, அடுத்த கட்டு எடுத்துப் போகும்போது பழையதைத் திரும்பக் கொண்டுவருவோம்.

அந்தக் கடைக்காரரை நான் நம்பவே இல்லை. எதற்குச் சும்மா உதவி செய்கிறார்? சித்தி அவருடைய கிழிந்த கடல் வரைபடம் ஒன்றை ஒட்டிக் கொடுத்தாள், அதற்காகத்தான் என்று சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் கடைக்குள் யாளி முகங்களும் தேவாலயத்து மெழுகுவத்தித் தாங்கிகளும் கால் உடைந்த கட்டில்களும் எந்தெந்த வீட்டிலிருந்து எப்படி எப்படி வந்து சேர்ந்தனவோ. ஒருநாள் நாங்கள் இருக்கும்போதே ஒரு வெள்ளைக்காரச் சாயிப்பு உள்ளே வந்து, அமுக்கியிலிருந்து எடுத்த தாளைக் குனிந்து குனிந்து பார்த்தான். மாட்டின் படம் ஒன்று அதில் இருந்தது. ஏதோ கேட்டான்.

“சேச்சி, சாயிப்பு விலை சோதிக்குன்னு” என்றார் கடைக்காரர், விலை கேட்கிறானாம்.

“விக்கிறதுக்கு இல்லைன்னு சொல்லுங்க. வீட்டுப் புத்தகம்.”

சாயிப்பு சிரித்துவிட்டுப் போனான். நான் வீட்டில் சொன்னேன், விற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். வீட்டில் முதல் பாதி மட்டும் தங்கியது. ஜூ டவுன், சாயிப்பு, விலை. அன்று பெரியப்பா என்னை நடுவில் நிறுத்திக்கொண்டு கடைசி உத்தரவு போட்டார்.

“அவகிட்டெ பறெ. பூஜைக்குப் புஸ்தகம் முழுசா இங்கெ இருக்கணும். ஒரு புஸ்தகம் குறைஞ்சாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்.”

“அவசரப்பட்டு ஒட்டக் கூடாதுன்னு சொல்லு, கண்ணு. மழைக் காத்துல காயறதே நிதானமாத்தான் காயும்.”

“அவசரமோ நிதானமோ, அஷ்டமிக்கு இருக்கணும்.”

சித்தி அவசரப்பட்டாள். அவளுக்கு வேறு வழி இல்லை. வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு அவள் தலைக்குமேல் தொங்கியது. சித்தப்பா அண்ணன் பேச்சைத் தட்டாதவர், பிரிந்து போனால் உடைந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அஷ்டமியன்று மதியத்துக்குள் மீதித் தாள்கள் எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிட்டாள். ஒவ்வொரு ஈரத் தாளுக்கும் நடுவில் மெழுகுத் தாளும், மை ஒற்றுகிற இளஞ்சிவப்புத் தாளும் வைத்து அடுக்கினாள். ஒற்றுத்தாளை அடிக்கடி மாற்ற வேண்டும், ஈரத்தை அதுதான் குடிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு சின்னக் கட்டு மட்டும் ஜூ டவுன் அமுக்கியில் இருந்தது. அதை மறுநாள் போய் எடுத்துவந்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம், பூஜை முடிந்ததும் சேர்த்துத் தைக்கலாம் என்பது அவள் கணக்கு.

அன்று பிற்பகலில் அவள் வீட்டுக்கு விலக்காகிவிட்டாள். எங்கள் வயதுப் பெண்களுக்கு விளக்கம் வேண்டாம். கிணற்றடி அறையில் போய் உட்கார வேண்டும். மாடி ஏறக் கூடாது, பூஜை அறைப் பக்கம் தலை காட்டக் கூடாது, புத்தகத்தைத் தொடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. போகும்போது என் கையைப் பிடித்து, “அடுக்கி வச்சதை யாரும் கலைக்காம பாத்துக்கோ” என்றாள். அம்மா அதற்குள் என்னைக் குளிக்க இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சித்தியைத் தொட்டுவிட்டேன் அல்லவா.

நான் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது பூஜை அறையில் அடுக்கல் நடந்துகொண்டிருந்தது. பெரியம்மா மடியாக உட்கார்ந்து, பெரிய புத்தகத்தின் தாள்களுக்கு நடுவிலிருந்த மெழுகுத் தாள்களையும் ஒற்றுத்தாள்களையும் ஒவ்வொன்றாக உருவி எடுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு பக்தியாக, ஒரு தாள்கூடக் கிழியாமல், அவ்வளவு கவனமாக உருவினாள்.

“சரஸ்வதிக்கு முன்னாடி குப்பைக் கடுதாசியையா வைக்கறது?” என்றாள் என்னைப் பார்த்து. பிறகு தாள்மேல் தாளாக ஒழுங்குபண்ணி, பட்டுத்துணியில் இறுக்கிச் சுற்றி, மேலே சந்தனம் குழைத்துப் பூசி, மற்றப் புத்தகங்களை எல்லாம் அதன் தலைமேல் அடுக்கினாள். பெரியப்பா எண்ணினார். புத்தகம் ஒன்றும் குறையவில்லை. தாளை யார் எண்ணுவார்கள்? ஜூ டவுனில் ஏதாவது இருக்கிறதா என்று என்னையும் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்டால்தான் பதில் சொல்லுவோம்.

கிணற்றடிக்கு ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். சித்தியின் முகம் வெளுத்துவிட்டது.

“நடுவில இருந்த தாளை எடுத்துட்டாங்களா? போய்ச் சொல்லு. ஓடு. அதை மட்டும் வெளியே எடுத்துப் பரப்பச் சொல்லு.”

நான் ஓடினேன். பெரியப்பா விளக்கை ஏற்றியிருந்தார். “பூஜைக்கு வச்சாச்சு. இனி விஜயதசமிக்குத்தான்” என்றார். திரும்ப ஓடினேன். மறுபடி அனுப்பினாள். மறுபடி அதே பதில். மூன்றாவது முறை நான் திரும்பியபோது சித்தி அறையில் இல்லை. மழையில் முற்றத்தின் நடுவே நின்றிருந்தாள். பூஜை அறையின் சன்னல் அந்தப் பக்கம்தான்.

“பெரியத்தான்!”

வீடு அப்படியே நின்றுவிட்டது. அதற்குமுன் அந்த வீட்டில் ஒரு மருமகளும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

“பெரியத்தான், அது ஈரம். பசை காயலை. அப்படியே அடுக்கினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. நான் தொடலை. நீங்களே எடுத்து வெளியே வைங்க. உங்க கால்ல விழறேன்.”

பெரியப்பா சன்னலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லுவேன்? அவள் சொன்னதை நான் திருப்பிச் சொன்னால்தான் அவருக்குக் கேட்டதாகும். நான் சொன்னேன், ஒரு சொல் விடாமல் சொன்னேன். அதற்குள் பெரியம்மா சன்னல் கதவைச் சாத்திவிட்டாள்.

“இந்த நேரத்தில புஸ்தகத்துகிட்டெ வரணும்னு எதுக்கு இப்படித் துடிக்கணும்? துணிக்குள்ளே புஸ்தகம் பாதிதான் இருக்கு போல. நமக்குத் தெரிஞ்சுபோகும்னு பயமாக்கும்” என்றாள்.

“அவிழ்த்துப் பாத்தாத் தெரியுமே பெரியம்மா” என்று நான் சொன்னதற்குத் தலையில் ஒரு குட்டு விழுந்தது. பூஜைக்கு வைத்ததை அவிழ்ப்பதாவது. அந்த வருஷம் திதி வேறு நீண்டுவிட்டது. விஜயதசமி வழக்கத்தைவிட ஒருநாள் தள்ளிப் போயிற்று. மழை விடவே இல்லை. சித்தி கிணற்றடி அறையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடாததற்கும் வீட்டில் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள்.

விஜயதசமி காலையில் பெரியப்பா பட்டுத்துணியை அவிழ்த்தார். முதலில் வாசனைதான் வந்தது, ஊறிப்போன சாக்கின் வாசனை. வாடிய பூ, கரைந்த சந்தனம், அதன்மேல் சாம்பல் நிறத்தில் பூசணம். அவர் மேல் தாளைத் தூக்கப் பார்த்தார். தாள் வரவில்லை, புத்தகமே எழுந்து வந்தது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்துப் பார்த்தார். செங்கல்லில் பக்கம் தேடுகிற மாதிரி இருந்தது.

சித்தி சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. “இதாக்கும் அவ செஞ்ச வேலை” என்றார் பெரியப்பா. விஷப் பசையால்தான் இப்படி ஆயிற்று என்று முடிவாயிற்று. புத்தகம் கெட வேண்டும் என்றே ஒட்டினாள் என்பதுவரை பேச்சுப் போனது. நேருக்கு நேர் பேசியதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அத்தாட்சி. நியாயம் உள்ளவள் வழக்கத்தை மீறுவாளா?

அடுத்த மாதமே சித்தப்பா சுள்ளிக்கல்லில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனார். வண்டியில் சாமான் ஏற்றும்போது அழுதார். சித்தி அழவில்லை. போவதற்கு முந்தின நாள் அவள் தனியாக ஜூ டவுனுக்குப் போய்வந்தாள். அமுக்கியில் மாட்டிக்கொண்ட கட்டு எனக்கு நினைவிருந்தது. அவள் வந்ததும் குடையைப் பிரித்துப் பார்த்தேன், பையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாயிப்புக்குக் கடைக்காரர் விற்றுவிட்டார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். நானும் அந்த வீட்டுப் பெண்தானே.

செங்கல்லாகிப் போன புத்தகத்தை யாரும் எறியவில்லை. வருஷா வருஷம் அதையும் பூஜைக்கு வைத்தார்கள், அதற்கும் சந்தனம் பூசினார்கள்.

எண்பதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரி வீட்டை விற்பதாக முடிவாயிற்று. பெரியம்மா காலமாகியிருந்தாள். பெரியப்பா படுக்கையிலும் சாய்வு நாற்காலியிலுமாக இருந்தார். எனக்குக் கல்யாணமாகி எர்ணாகுளத்தில் இருந்தேன், சாமான் ஒதுக்க வந்திருந்தேன். ஒரு காலை, சித்தி சுள்ளிக்கல்லிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். தலை நரைத்திருந்தது. குடிபோன பிறகு அதுதான் அந்த வீட்டுக்கு அவள் வந்த முதல் தடவை. கூடத்துக்குள் வந்தவள் பழக்கத்தில் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். என் கையில் சிவப்புத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தாள். புல்தைலத்தின் வாசனை குப்பென்று வந்தது.

“அவர்கிட்ட குடு. அன்னைக்கு நான் இதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தா இதுவும் பூஜைக்குப் போயிருக்கும். அதனால எடுத்துக்கிட்டேன். புடவைக் கொசுவத்துக்குள்ள வச்சு வெளியே கொண்டுபோனேன். திருட்டுன்னா திருட்டுத்தான்.”

என் சந்தேகம் இத்தனை வருஷம் ஒரு கடைக்காரரின் மேல் வீணாகப் போயிருந்தது. கொசுவத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன்.

பெரியப்பாவின் மடியில் துணியை அவிழ்த்து வைத்தேன். தாள்கள் பழுப்பாக, ஆனால் தட்டையாக, நேராக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தன. மேலே ஒரு மாட்டுப் படம். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, விரலை எழுத்தின்மேல் வைத்து, ஒட்டிக்கிடந்த சொற்களை மெதுவாகப் பிரித்துப் பிரித்து வாசித்தார். எருதின் வயிறு ஊதினால் இன்ன இன்ன அளவு சுக்கும் மிளகும் பெருங்காயமும் என்று இருந்தது. ஒரு பக்கம் முடித்துத் திருப்பினார். அது திரும்பியது. அடுத்த பக்கத்தையும் வாசித்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவர் அந்தப் புத்தகத்தை வாசித்தார். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

கடைசித் தாளுக்கு வந்ததும் நிமிர்ந்தார். பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. கண்ணில் அந்தப் பழைய பார்வை.

“அவகிட்டெ கேளு” என்றார் என்னிடம். “மீதி எங்கேன்னு.”

இத்தனை வயதில் எனக்கு அந்த ஒரு கேள்வியை எடுத்துச் செல்ல முடியவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து சித்தியே பதில் சொன்னாள்.

“மீதி உங்க பூஜையிலதான் இருக்கு.”

அவர் பூஜை அறைப் பக்கம் கையைக் காட்டினார். நான் போய் அந்தச் செங்கல்லை எடுத்து வந்து மடியில் வைத்தேன். விரலால் சந்தனப் பொருக்கைத் தள்ளினார். ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், புரட்டிப் போட்டு அடியிலும். பிறகு என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தார்.

“இதைப் பிரிக்க முடியுமாம்மா?” என்றார்.

சித்தி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அவருக்கு எதிரில் நின்றாள். “முடியாது பெரியத்தான்” என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் தேவைப்படவில்லை. அடுக்களைக்குப் போய் மூன்று பேருக்கும் சாயா போட்டேன்.